நடுநிலைப் பள்ளியில் உணவுத் தொழில்நுட்பம்: கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவது யார்?

கேள்வியின் எல்லை

விளைபொருளை உலர்த்துதல், அரைத்தல், அவித்தல், புளிக்கவைத்தல், கெடாமல் காத்தல், அதன் சத்தையும் தூய்மையையும் சோதித்தல் ஆகிய செயல்களையும் அவற்றின் பின்னுள்ள அறிவியலையும் சேர்த்து உணவுத் தொழில்நுட்பம் என்று அழைப்பது வழக்கம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உயர் தொடக்க நிலையில் இதைக் கற்பிக்கலாமா என்ற கேள்விக்கு, கற்பிக்கலாம் என்ற விடை எளிதாகவே கிடைத்துவிடுகிறது. கற்பிப்பவர் யார், அவர் யாரிடம், எங்கே, எவ்வளவு காலம் பயில வேண்டும் என்ற கேள்விதான் 1937 முதல் தீராமல் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இந்நிலையில் இப்படியொரு தனிப்பாடம் இல்லை. அதன் துண்டுகள் மட்டும் ஆறாம் வகுப்பு அறிவியலில் உடல்நலமும் சுகாதாரமும் என்ற பாடமாகவும், எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் என்ற பாடமாகவும், நண்பகலில் சத்துணவுத் தட்டாகவும் சிதறிக் கிடக்கின்றன.

இக்கேள்வியை ஆராய ஓர் ஊரை நடுவாக வைத்துக்கொள்வது உதவும். திருவண்ணாமலையை ஒட்டி வேலூர் சாலையில் அமைந்துள்ள வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து நோக்கினால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் அருகிலுள்ள அத்தியந்தலிலும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கீழ்பென்னாத்தூரிலும், அரிசி ஆலைகள் ஆரணியிலும் களம்பூரிலும், சாமை விளையும் சரிவுகள் ஜவ்வாது மலையிலும் இருக்கின்றன. வட்டாரத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையோ மாவட்டம் முழுவதும் பயிராகிறது. கற்பிக்க வேண்டிய பொருளும் அதை ஆராயும் நிறுவனமும் ஆசிரியரைப் பயிற்றும் நிறுவனமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் அவற்றை இணைக்கும் பாடவேளை ஒன்று உருவாகாமல் இருப்பதற்குக் காரணம், உணவை எந்தப் பாடமாகக் கருதுவது என்பதில் ஒன்றுக்கொன்று முரணான மரபுகள் நிலவுவதே எனலாம். ஒவ்வொரு மரபும் தனக்கென ஓர் ஆசிரியரைக் கற்பனை செய்தது.

கைத்தொழில் ஆசிரியர்

முதல் மரபு காந்தியின் ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டையடுத்து ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து எல்லாப் பாடங்களையும் அதனோடு இணைத்துக் கற்பிக்கும் முறையை வகுத்தது. நூற்பும் நெசவும், தச்சு, வேளாண்மை, பழ, காய்கறித் தோட்டம், தோல் வேலை முதலியவை அத்தொழில்களாகச் சுட்டப்பட்டன. ஆசிரியர்களுக்கு மூன்றாண்டு முழுப் பயிற்சியும், அவசரத் தேவைக்கு ஓராண்டுக் குறும்பயிற்சியும் முன்மொழியப்பட்டன. இன்று ஒருநாள் பயிற்சியில் ஒரு புதிய பாடத்தையே கையளித்துவிட முனையும் சூழலில், குறும்பயிற்சி என்பதற்கே ஓராண்டு தேவை என்று ஒரு குழு கருதியது கவனிக்கத்தக்கது.

ஆனால் உணவு அத்திட்டத்தில் இரண்டாம் இடத்திலேயே இருந்தது. உயர்வகுப்புச் சிறுமியர் மையத் தொழிலுக்குப் பதிலாக மனையியலைப் பயிலலாம் என்று ஒரு வழி விடப்பட்டதே தவிர, சமையலும் பதப்படுத்தலும் மையத் தொழிலாகவில்லை. சேவாகிராமத்திலும், 1947-இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்திலும் பொதுச் சமையலறை வேலை கூட்டு வாழ்க்கைப் பயிற்சியின் பகுதியாக இருந்தது. அது ஒழுக்கமாகக் கருதப்பட்ட அளவுக்குப் பாடமாகக் கருதப்படவில்லை. நூற்ற நூலை எடை போட்டு மதிப்பிடலாம். வடித்த சோறோ அன்றே உண்ணப்பட்டுவிடும். விளைபொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டும் எண்ணத்துக்கு உணவு ஒத்துவராததும் அது பின்தங்கியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இம்மரபின் மீது தமிழ்நாட்டில் விழுந்த பெரும் அடி 1953-இல் வந்தது. ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்று கொண்டுவந்த திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அதன்பின் பள்ளியில் கைவேலை என்ற சொல்லே ஐயத்தோடு பார்க்கப்படுகிறது. அவ்வையத்தைப் பழைய அரசியலின் எச்சம் என்று தள்ளிவிட முடியாது. எந்தச் சாதியின் பிள்ளைக்கு எந்த வேலை கற்பிக்கப்படும், யார் சமைத்ததை யார் உண்பார் என்ற கேள்விகள், 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி குறித்து எழுந்த பூசல் முதல், பட்டியல் சாதிப் பெண்கள் சத்துணவு சமைப்பதற்கு இக்காலத்திலும் சில ஊர்களில் எழும் எதிர்ப்பு வரை, உணவோடு ஒட்டியே வந்திருக்கின்றன. உணவைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அளிக்கும் பயிற்சி இதைப் பேசாமல் கடந்தால், அது பாதிப் பயிற்சியாகவே இருக்கும்.

மனையியல் ஆசிரியர்

இரண்டாவது மரபு மனையியல். தில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-இல் தொடங்கப்பட்டது, சென்னை ராணி மேரிக் கல்லூரியில் 1940-களில் இத்துறை இடம்பெற்றது, தி.சு. அவினாசிலிங்கம் கோயம்புத்தூரில் 1957-இல் நிறுவிய மனையியல் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸின் தலைமையில் ஊட்டச்சத்துக் கல்விக்குப் பெயர்பெற்ற இடமாக வளர்ந்தது. பாட அறிவு, ஆய்வுக்கூடம், செய்முறை, கற்பித்தல் முறை ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டிருந்த ஒரே மரபு இதுதான் என்று சொல்வது மிகையாகாது.

இதன் குறை, அது பெண்களின் பாடமாகச் சுருங்கியதாகும். ஆண், பெண் பிள்ளைகளுக்கு வெவ்வேறு பாடத்திட்டம் தேவையா என்பதை 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்த ஹன்சா மேத்தா குழுவும், அடுத்து வந்த கோத்தாரிக் குழுவும் பாலின அடிப்படையிலான பிரிவினையை ஏற்கவில்லை. எனினும் நடைமுறையில் மனையியல் மேல்நிலை வகுப்புகளிலும் மகளிர் கல்லூரிகளிலுமே தங்கிவிட்டது. மனையியல் படித்தவர் ஆறாம் வகுப்புக்கு வருவதற்கான நியமன வழி அகலமாகத் திறக்கப்படவில்லை. ஆறாம் வகுப்பில் இருப்பவருக்கோ மனையியல் படிக்கும் வாய்ப்பு இல்லை.

இது தவிர்க்க முடியாத விளைவன்று என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கு கீழ்நிலை இடைநிலைப் பள்ளிகளில் மனையியல் 1993 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுப் பாடமாயிற்று. 2005-இல் உணவுக் கல்விக்கென அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது; அதே ஆண்டில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடமும் உருவாக்கப்பட்டது. பள்ளி மதிய உணவைத் திட்டமிடுவதும் அதை வைத்து வகுப்பறையில் கற்பிப்பதும் இவ்வொருவரின் இரு கடமைகள். தமிழ்நாட்டு வாசகர் நின்று கவனிக்க வேண்டிய இணைப்பு இது.

அறிவியல் ஆசிரியர்

மூன்றாவது நோக்கு, உணவை அறிவியலின் பகுதியாக்கி, அறிவியல் பட்டதாரி ஆசிரியரிடமே ஒப்படைப்பது. தமிழ்நாட்டில் இதுவே பெரும்பாலும் நடைமுறை. செலவு குறைவு, புதிய பணியிடம் தேவையில்லை, சாதி, பாலினச் சிக்கல்களும் வெளித்தெரியாமல் அடங்கிவிடுகின்றன. ஆனால் அடங்கிவிடுவது தீர்வா என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே பயன்படும். 1990-இல் தேசியப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது பழைய மனையியல் கலைக்கப்பட்டு, உணவு, ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்ற பாடத்தின் ஒரு பிரிவாக்கப்பட்டது. மாணவர்கள் சமைப்பதைவிடப் பொட்டலத்தின் உறையை வரைவதிலும் புதுப்பொருளுக்குத் திட்டம் எழுதுவதிலும் அதிக நேரம் செலவிட்டனர் என்ற குறை எழுந்தது. வாழ்க்கைக்குத் தேவையான சமையல் திறனை வளர்ப்பதா, உணவை வடிவமைப்புக் கற்பிக்கும் மூலப்பொருளாகப் பயன்படுத்துவதா என்ற இழுபறியைப் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2006-இல் சுட்டிக்காட்டியது. 2014 பாடத்திட்டம் பதினான்கு வயது வரை சமையலையும் ஊட்டச்சத்தையும் கட்டாயமாக்கியது. 2015-இல் இடைநிலைப் பள்ளி உணவு ஆசிரியருக்கு இருக்க வேண்டிய அறிவையும் திறனையும் வரையறுக்கும் சட்டகம் ஒன்று வெளியிடப்பட்டது. பாடம் வந்து கால் நூற்றாண்டு கழித்தே ஆசிரியர் என்ன அறிந்திருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது.

அறிவியல் ஆசிரியருக்கு உண்மையில் எது குறைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இட்லி மாவு பொங்குவதை நுண்ணுயிரிப் பாடத்தோடு இணைப்பது எளிது என்று தோன்றும். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிரிகள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். ஆனால் மாவு புளிக்க எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. பாடவேளையோ முக்கால் மணி. மார்கழியில் அதே மாவு காலையிலும் எழும்பாமல் கிடக்கும். எனவே மாலையில் இரண்டு தம்ளர்களில் மாவை ஊற்றி, மட்டத்தைக் கோடிட்டு, ஒன்றை அடுப்படிக்கு அருகிலும் மற்றொன்றைக் குளிர்ந்த இடத்திலும் வைத்து, மறுநாள் முதல் பாடவேளையில் உயரத்தையும் புளிப்பையும் ஒப்பிடுமாறு ஆசிரியர் திட்டமிட வேண்டும். உப்பை முன்பே போட்டது, கையால் கலக்கியது, உளுந்து பழையது என்று பிள்ளைகள் அடுக்கும் காரணங்களில் எதைச் சோதிக்கலாம், எதைச் சோதிக்க இயலாது என்று அவர் அங்கேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒரு பாடத்தை அறிவதும், அதை இன்ன வயதுப் பிள்ளைக்கு இன்ன வழியில் புரியவைக்கலாம் என்று அறிவதும் வேறுவேறு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் பிரித்துக் காட்டிய கற்பித்தல்சார் பாட அறிவு என்பது இதுவே. மாவைத் தானே புளிக்கவைத்துப் பார்க்காத ஒருவருக்குப் படக்காட்சி மூலம் இது கைவராது.

மல்லாட்டையை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. சரியாகக் காயாத கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுவதும் அழியாது. வேங்கிக்கால் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் வீட்டுக் களத்தில் காய்வதைப் பார்த்திருக்கக்கூடிய பொருள் இது என்பதால் பாடமாக இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஆனால் ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், குலுக்கும்போது எழும் ஓசையை வைத்து உழவர் செய்யும் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது, நஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்பதை அச்சமூட்டாமல் எப்படிச் சொல்வது என்பவை தாவரவியல் பட்டப்படிப்பில் இடம்பெறுபவை அல்ல. புழுங்கல் அரிசியும் அப்படியே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் சத்தின் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது. குன்னூரில் மெக்காரிசனும் ஐக்ராய்டும் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுகளின் வரிசையில் வந்த இவ்விளக்கம், ஆரணி ஆலைகளைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு எட்டவேயில்லை.

வேலைத்திறன் பயிற்றுநர்

நான்காவது மரபு தொழிற்கல்வி. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை என்ற கருத்தை முன்வைத்தது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. உணவு சார்ந்த பாடங்கள் அதில் இடம்பெற்றாலும் அவை பதினோராம் வகுப்புக்கு மேல்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் வேண்டும் என்றது, அதையொட்டி என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக்கான கௌஷல் போத் நூலில் அடுப்பில்லாச் சமையல் ஒரு செயல்திட்டம். தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்காமல், 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக்குத் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. 1953-இன் நினைவு இவ்விவாதத்தில் மீண்டும் மீண்டும் எழுந்ததில் வியப்பில்லை.

இம்மரபு தந்த ஆசிரியர் பகுதிநேரப் பயிற்றுநர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, வேலைக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி 2012-இல் தமிழ்நாட்டில் 16,000-க்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஓவியம், இசை, தையல், கணினி, தோட்டக்கலை, கட்டிடக்கலை, வாழ்வியல் திறன் எனப் பிரிவுகள் இருந்தன. உணவுக்கென்று ஒரு பிரிவு இல்லை. பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருவது ஊரறிந்தது. நிலையற்ற பணியிடத்தில் இருப்பவரைக் கொண்டு ஒரு புதிய பாடத்தை வேரூன்றச் செய்யலாம் என்ற எதிர்பார்ப்பு வலுவற்றதாகவே தோன்றுகிறது.

இலங்கையின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1972 சீர்திருத்தம் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977-இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. ஆயினும் அங்கு மனைப்பொருளியல் தொடர்ந்து பாடமாக இருந்துவருகிறது. ஆசிரியர்களை உருவாக்கத் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஈராண்டு உறைவிடப் படிப்பும் ஓராண்டு பள்ளி உள்ளகப் பயிற்சியும் கொண்ட மூன்றாண்டு முறை உண்டு. கொள்கை வீழ்ந்தாலும் பயிற்சி நிறுவனம் நிலைத்தால் பாடம் பிழைக்கிறது போலும்.

பயிற்சி இறங்கும் படிகள்

பணியிலிருக்கும் ஆசிரியருக்கு அளிக்கப்படும் பணியிடைப் பயிற்சி படிப்படியாக இறங்குவது. மாநில நிறுவனத்தில் முதன்மைக் கருத்தாளர்கள் கற்று, மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்லி, அவர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநருக்குச் சொல்லி, இறுதியில் குறுவள மையத்தில் வகுப்பாசிரியருக்கு வந்து சேர்கிறது. கருத்தையோ பதிவேட்டு முறையையோ பரப்ப இவ்வடுக்குமுறை பயன்படும். கைப்பழக்கத்தை இவ்வாறு கடத்துவது கடினம். ஒவ்வொரு படியிலும் செய்முறை சுருங்கி விளக்கவுரை பெருகுகிறது. பள்ளிக்கு இரு ஆசிரியரை உடல்நலத் தூதுவராக்கும் 2020-ஆம் ஆண்டுத் திட்டத்திலும் ஊட்டச்சத்து ஒரு தலைப்பாக இதே வழியில்தான் இறங்குகிறது.

மாறுபட்ட ஒரு வழியைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், கருவிகளுடன் கருத்தாளர் நேரே பள்ளிக்குச் சென்று ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளோடு அறிவியல் சோதனை செய்யும் முறை. அங்கு ஆசிரியர் பார்வையாளராகவே நின்றுவிடும் வாய்ப்பு உண்டு என்றாலும், சோதனை கண்முன் நடக்கிறது. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கென 1980-களின் இறுதியில் வகுக்கப்பட்ட நெறிமுறை ஒவ்வொன்றிலும் பணி அனுபவத்திற்கு ஒரு தனிப்பிரிவை எதிர்பார்த்தது என்பதையும் இங்கு நினைக்கலாம். கீழ்பென்னாத்தூரில் அமையும் ஒரு பயிற்சியில் பாதி நாட்களை அத்தியந்தலில் சாமையை உமி நீக்கி, மாவாக்கி, அதன் ஆயுளை அளந்து பார்ப்பதில் கழிக்க, ஏட்டளவில் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

பள்ளிக்குள்ளேயே இருக்கும் சமையற்கூடம்

நான்கு மரபுகளும் ஒருசேரக் காணாமல் விட்ட ஓர் இடம் உண்டு. 1956-இல் காமராசர் காலத்தில் விரிவடைந்த மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் தமிழ்நாட்டுப் பள்ளி வளாகத்திலேயே சமையற்கூடத்தையும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்ற பணியாளரையும் நிலைநிறுத்தின. தலைக்கு இத்தனை கிராம் அரிசி என்ற அளவு, இருப்புப் பதிவேடு, முட்டை அழுகியதா என்று பார்க்கும் முறை, நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கும் நேரம் ஆகியவை அன்றாடம் நடைபெறும் உணவுத் தொழில்நுட்பமே. ஆனால் கல்வித்துறை ஆசிரியருக்கும் சத்துணவுப் பணியாளருக்கும் இடையில் நிர்வாகச் சுவர் ஒன்று நிற்கிறது. பயிற்சிகளும் தனித்தனியே நடக்கின்றன. ஜப்பான் ஒரே பணியிடத்தில் இணைத்ததைத் தமிழ்நாடு இரண்டு துறைகளாக வைத்திருக்கிறது.

இச்சுவரை இடித்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லவும் இயலாது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டபின், அடுப்பும் பிள்ளையும் விலகியிருக்க வேண்டும் என்பது விதியாக மட்டுமன்றி உணர்வாகவும் பதிந்துவிட்டது. மேலும், ஊதியமும் அங்கீகாரமும் குறைந்த பணியாளரின் தலையில் கற்பித்தலையும் ஏற்றுவது நியாயமாகாது. அவரைக் கருத்தாளராக அழைத்து, அதற்குரிய மதிப்பூதியமும் அளித்து, பயிற்சியில் ஆசிரியருக்கு அவர் செய்து காட்டும் ஏற்பாடு ஓரளவு பொருந்தக்கூடும். சமைப்பவரின் அறிவு வகுப்பறையில் பெயர் சொல்லி ஏற்கப்படுவது, மேலே கூறிய சாதிச் சிக்கலிலும் ஒரு சிறு அசைவை உண்டாக்கலாம்.

தீராதவை

தனிப்பாடமா, அறிவியலுக்குள் ஓர் இழையா என்ற கேள்வியில், இப்போதைய நியமன முறை மாறாத வரை இழையே நடைமுறைக்கு ஏற்றது என்று தோன்றுகிறது. ஆனால் தேர்வில் இடம்பெறாத இழை ஆண்டிறுதியில் அறுந்துபோவது வழக்கம். மதிப்பிட்டால் செய்முறை மனப்பாடமாகிவிடும் அச்சமும், மதிப்பிடாவிட்டால் கைவிடப்படும் அச்சமும் ஒருங்கே இருக்கின்றன. பயிற்சியின் கால அளவு அடுத்த சிக்கல். ஓராண்டு என்ற 1937-இன் அளவுக்கும் ஒருநாள் என்ற இன்றைய வழக்கத்துக்கும் நடுவே எத்தனை செய்முறை மணிநேரம் போதும் என்பதைத் தமிழ்நாட்டுச் சூழலில் அளந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு ஒன்றியங்களில் இருவேறு பயிற்சி முறைகளை ஓராண்டு நடத்தி, வகுப்பறையில் என்ன மாறியது என்று ஒப்பிடுவது அதற்குப் பெரிய செலவில்லாத வழி.

தொடக்கக் கல்விப் பட்டயத்தின் ஈராண்டிலும், கல்வியியல் பட்டத்தின் ஈராண்டிலும் உணவுக்கு இடம் ஒதுக்கினால் எதைக் குறைப்பது என்பதும் முடிவாகவில்லை. காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், உணவைப் பற்றிக் கற்கத் தொடங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் அக்காலை உணவை இழந்த பிள்ளையாகவும் இருக்கிறது. பசியோடு வந்தவர் யார் என்று கேட்காமலே சத்துணவுக் கணக்கை நடத்த ஆசிரியருக்கு எவ்வாறு சொல்லித்தருவது என்பது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இன்னும் எழுதப்பட வேண்டிய பக்கம்.